குல்லா போட்ட கட்டியக்காரன்

திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்துக்கு ஆபீஸ் போகிறவர்களுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மயிலம் வருவதற்குள் மத்திய பட்ஜெட்டை அலசிப் பிழிந்து காயப்போட்டு விடுவார்கள். பேரணியில் கிரிக்கெட். விக்கிரவாண்டியில் பங்குச் சந்தை. முண்டியம்பாக்கம் தாண்டியதும் மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால், விழுப்புரம் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது கச்சிதமாகத் திட்டி முடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட பெட்டியையே ஒரு டிசம்பர் காலையில் வாயடைக்க வைத்தார் ஒரு நண்பர்.

"சார், எல்ஃப்னா என்ன?"

"டாக்ஸ் சேவிங் ஃபண்டு. மூணு வருஷத்துக்குப் பணத்துல கை வைக்க முடியாது" என்றது ஜன்னலோரம்.

"அது இ.எல்.எஸ்.எஸ்., இது எல்ஃப். பையன் பார்க்கணுங்கிறான், மூணாங் கிளாஸ். அரையாண்டு லீவுக்கு எங்கடா போகலாம்னு கேட்டேன். பாண்டிச்சேரி பீச், செஞ்சிக் கோட்டைன்னு ஏதாவது சொல்வான்னு பார்த்தா, 'எல்ஃப் இருக்கிற ஊருக்குப் போலாம்ப்பா'ங்கிறான். அவங்கம்மா போன்ல வீடியோ பார்த்திருக்கான்."

போனை நீட்டினார். எங்கே பார்த்தாலும் பனி. ஒரு மரவீடு. பச்சைச் சட்டை, சிவப்புக் குல்லா, கூரான காது வைத்த ஓர் ஆசாமி, ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வீட்டு நாய்க்குட்டியின் பெயரையும் சொல்லி சௌக்கியம் விசாரிக்கிறார். குழந்தை பிளந்த வாயை மூடவில்லை. பின்னால் நிற்கும் அம்மா கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள்.

"அந்தாளுக்கு எப்படி சார் நாய் பேர் தெரிஞ்சது?" என்றார் நண்பர். அவருக்கும் லேசாக வாய் பிளந்துதான் இருந்தது.

சொல்கிறேன். முதலில் எல்ஃப். தமிழில் தேடினால் 'குட்டிச்சாத்தான்' என்றும் 'குறளி' என்றும் கிடைக்கும். குறளி என்றால் நமக்குத் தெருவோர வித்தைக்காரன் ஞாபகம் வருகிறது. குட்டிச்சாத்தான் என்றால் 1984-ல் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த முப்பரிமாணப் படம். திரையிலிருந்து ஐஸ்கிரீம் மூக்குக்கு நேரே வர, தியேட்டரே கை நீட்டியது. வெள்ளைக்காரர்களின் எல்ஃப் இவ்வளவு வில்லங்கம் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குள்ளர். வருஷம் பூராவும் பொம்மை செய்ய வேண்டும், குழந்தைகளின் கடிதங்களைப் படிக்க வேண்டும், எவன் நல்ல பையன், எவன் கெட்ட பையன் என்று லெட்ஜர் எழுத வேண்டும். அதாவது, குமாஸ்தா. பெயரும் புகழும் தாத்தாவுக்கு. (இந்த இடத்தில் பெட்டியே எல்ஃபோடு ஐக்கியமாகிவிட்டது.)

இந்தக் குமாஸ்தாக்களின் தலைமை அலுவலகம் பின்லாந்தில், ரோவனியெமி என்ற ஊரில் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர். அதன் கதை வேடிக்கையானது, கொஞ்சம் சோகமும்கூட. 1944-ல், இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிப் போன ஜெர்மன் ராணுவம் ஊரையே கொளுத்திவிட்டுப் போனது. மிச்சமிருந்தது சாம்பலும் குளிரும். ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1950-ல், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் பார்க்க வருகிறார் என்று தகவல். மினிஸ்டர் வருகிறார் என்றால் நம் ஊரில் சாலைக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தார் போடுவது போல, அங்கே ஆர்க்டிக் வட்டத்தருகில் அவசர அவசரமாக ஒரு மரக் குடில் கட்டினார்கள். நம் தார் அடுத்த மழையில் போய்விடும். அவர்கள் குடிலைப் பார்க்க ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். 1985-ல் அதைச் சுற்றித் தாத்தாவின் கிராமமும் தபாலாபீசும் வந்தன. உலகம் முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் கடிதங்கள் வருகின்றன. அதைப் பிரிக்க, பதில் போட, குழந்தைகளோடு பிஸ்கட் சுட, ரகசியக் கதை சொல்ல, குல்லா போட்ட எல்ஃபுகள். எரிந்து போன ஊர், ஒரு தாத்தாவை வைத்துப் பிழைத்துக் கொண்டது.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியாகத்தான் கண்ணில் படும். சென்னையிலிருந்து நான்கு பேருக்கு விமான டிக்கெட், விசா, மரவீட்டு வாடகை, கம்பளிச் சட்டை, அதற்குள் போட இன்னொரு சட்டை, அதற்கும் உள்ளே ஒன்று. லட்சங்களில்தான் பேச முடியும். வரவுப் பத்தியில் மைனஸ் இருபது டிகிரியும், இரண்டு மணி நேரத்தில் முடிந்து போகிற பகலும். விழுப்புரத்தில் மார்கழியில் இருபது டிகிரிக்கு இறங்கினாலே பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேரும் குரங்குக் குல்லாவில்தான் இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள், ஊரே எல்ஃப்.

இப்போது நாய்க்குட்டி ரகசியம். பிரிட்டனில் 2007-லிருந்து லேப்லேண்ட் யு.கே. என்று ஒன்று நடக்கிறது. பின்லாந்து வரை போக முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு செயற்கை லேப்லேண்ட். டிக்கெட் வாங்கும்போதே பெற்றோரிடம் குழந்தையின் பெயர், சிநேகிதன் பெயர், இந்த வருஷம் செய்த நல்ல காரியம் என்று விவரங்களை வாங்கிக் கொள்கிறார்கள். அது தாத்தாவின் காதுக்குப் போய்ச் சேருகிறது. ஆக, மாயாஜாலம் என்பது அப்பா நிரப்பிக் கொடுத்த படிவம். நம் ஊர் பேங்கிலும் இதே படிவம் இருக்கிறது. கே.ஒய்.சி. என்று பெயர். அதை வருஷா வருஷம் நிரப்பினாலும் கவுண்ட்டரில் யாரும் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

படிவம் மட்டும் போதாது, ஆள் வேண்டும் என்பதற்கும் ஒரு உதாரணம் அங்கேயே இருக்கிறது. 2008-ல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு 'லேப்லேண்ட்' திறந்தார்கள். விளம்பரத்தில் பனி, மரவீடு, ஒளிச் சுரங்கம், கிறிஸ்துமஸ் சந்தை. குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் பார்த்தது சேறும் சகதியும். தாத்தாவைப் பார்க்கும் வரிசை மணிக்கணக்கில் நீண்டது. கடுப்பான அப்பாக்களில் சிலர் தாத்தாவையும் எல்ஃபையும் அடித்தே விட்டார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. ஒரு வாரத்துக்குள் கடை மூடப்பட்டது. நடத்தியவர்களுக்கு 2011-ல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, ஜூரி உறுப்பினர் ஒருவர் பண்ணிய குளறுபடியால் அந்தத் தீர்ப்பு பின்னால் ரத்தும் ஆனது. முதலாளிக்கு அப்பீல் இருக்கிறது. எல்ஃப் வாங்கிய அடிக்கு எந்தக் கோர்ட்டில் அப்பீல்? டிசம்பர் மாசச் சம்பளத்துக்காகக் காது ஒட்டிக்கொண்டு நின்ற ஏதோ ஒரு பையன்.

"இதெல்லாம் நம்ம ஊருக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் சார்" என்றது ஜன்னலோரம்.

சம்பந்தம் இருக்கிறது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். அதற்கு முன்னால் தென்னாற்காடு. அந்தத் தென்னாற்காட்டுக்கு 1860-களில் வந்து வேர் பிடித்தது டென்மார்க் மிஷன். இன்றைக்கு ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்று இருப்பது அதன் வழி வந்ததுதான். திருக்கோவிலூரில் 'டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி' என்றால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். அந்த டென்மார்க்காரர்களின் வீட்டில் எல்ஃபுக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி உண்டு. பெயர் நிஸ்ஸே. பண்ணை வீட்டுப் பரணிலோ தொழுவத்திலோ குடியிருப்பான். மாட்டைப் பார்த்துக் கொள்வான், வீட்டைக் காப்பான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அவனுக்கு ஒரு கிண்ணத்தில் படையல் வைக்க வேண்டும். என்ன படையல் தெரியுமா? அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே ஒரு கட்டி வெண்ணெய். பெயரைத்தான் வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். விஷயம் பால் பொங்கல்.

அவனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு வருஷம் கிண்ணத்தின் மேலே வெண்ணெய் இல்லை. நிஸ்ஸேக்கு வந்ததே கோபம், நேரே தொழுவத்துக்குப் போய் வீட்டின் நல்ல பசுவைக் கொன்றுவிட்டான். திரும்பி வந்து பசியில் பொங்கலைச் சாப்பிட்டால், வெண்ணெய் அடியில் இருக்கிறது! பாவம், ராத்திரியோடு ராத்திரியாக அதே ஜாடையில் வேறொரு பசுவைக் கொண்டுவந்து கட்டிவிட்டுத் தூங்கப் போனானாம். நம் முனீஸ்வரனுக்குப் படையலில் சுருட்டு மறந்து போனால் நடக்கும் கதைகளுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. மிஷனரிகள் சர்ச், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கொண்டுவந்தார்கள். நிஸ்ஸேயை மட்டும் பரணிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறி விட்டார்கள் போலிருக்கிறது.

அவன் வராததால் நமக்கு வந்து சேர்ந்தது தாத்தா மட்டும். டிசம்பரில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கேரல் ரவுண்ட்ஸ் பார்த்திருப்பீர்கள். வாலிபர் சங்கம், ஒரு டிரம், ஒரு கிடார், தலைக்கு மேலே எரியும் நட்சத்திரம், நடுவில் தாத்தா. வயிற்றுக்குத் தலையணை, முகத்துக்கு ரோஸ் நிறத்தில் பிளாஸ்டிக் முகமூடி. முகமூடியில் நிரந்தரமான ஒரு சிரிப்பு. அது குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்கா, அலற வைப்பதற்கா என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. தாத்தா ஆடுவார். கை குலுக்குவார். எக்லேர்ஸ் மிட்டாயை அள்ளி வீசுவார். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? தாத்தா பேச மாட்டார்.

பேச முடியாது. பேசினால் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து விடுவார்கள். அப்படியும் தப்ப முடிவதில்லை. "அம்மா, தாத்தா காலைப் பாரும்மா, கேபிள்காரண்ணன் செருப்பு!" என்று ஒரு குரல் எந்தத் தெருவிலாவது வந்தே தீரும். முகமூடிக்குள் இருப்பவர் வேர்வையில் குளித்துக் கொண்டு, தெரிந்த பையனிடம் தெரியாத மாதிரி நிற்க வேண்டும். அவருக்குப் பையன் பெயர் தெரியும், எந்த ஸ்கூல் தெரியும், போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பேர்த்துக் கொண்டது தெரியும், அவன் அப்பாவின் கேபிள் பாக்கி எத்தனை மாசம் என்பது உள்பட. லேப்லேண்ட் யு.கே. படிவம் போட்டு வாங்குகிற அத்தனை விவரமும் இவரிடம் இலவசமாக இருக்கிறது. பேசத்தான் பர்மிஷன் இல்லை.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நம் தாத்தாவுக்குக் குறைச்சல் பனியோ, மான் வண்டியோ இல்லை. பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள். அதாவது எல்ஃப்.

மார்கழி, தை என்றால் வாசலுக்கு வந்து பேசுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் நம் பக்கம் பஞ்சமே இல்லை. விடியுமுன் உடுக்கையை ஆட்டிக்கொண்டு குடுகுடுப்பைக்காரர். பயத்தோடு போர்வைக்குள் இருந்தபடியே கேட்க வேண்டும், அதுதான் ருசி. வெயில் ஏறினால் பூம்பூம் மாடு. "பரீட்சையில பாஸாவேனா?" என்று கேட்டால், இத்தனை ஜோடிப்போடு ஒரு மாடு உங்களைப் பார்த்துத் தலையாட்டும். எந்த எல்ஃப் கொடுக்கும் அந்தத் தைரியத்தை? இன்றைக்கும் வருகிறார்கள். ஆனால் புதுசாக முளைத்த நகர்களிலும் அடுக்குமாடிகளிலும் கேட்டைத் தாண்ட முடிவதில்லை. வாட்ச்மேன் மாட்டை நிறுத்துகிறார். கேரல் கோஷ்டியே சில இடங்களில் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் அனுமதி வாங்கி, ஏழு மணிக்கு வந்து ஏழே காலுக்குள் பாடி முடித்தாக வேண்டும். மேல் வீட்டில் சீரியல் ஓடுகிறதாம். வாசலுக்கு வரும் ஆளைக் கேட்டில் நிறுத்திவிட்டு, ஏழாயிரம் கிலோமீட்டர் போய் ஒருவரைப் பார்த்து, "எப்படி சார் பேர் தெரிஞ்சது?" என்று கேட்கிறோம்.

சரி, எல்ஃபுக்கு எங்கே போவது? இதைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்குத் தெரிந்த கூத்து வாத்தியார் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். செஞ்சிப் பக்கம். அறுபதைத் தாண்டியவர். இந்த மாவட்டம் தெருக்கூத்துக்கும் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கும் பேர் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தோடு பங்கேற்கும் நிகழ்ச்சி என்று இன்றைக்கு விளம்பரம் போடுகிறார்களே, அதை அர்ச்சுனன் தபசில் பாருங்கள். பனைமரம் உயரத்துக்குக் கம்பம் நட்டு, அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே படி படியாக ஏறுவார். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீச, கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். பிள்ளை வரம் கேட்டு நிற்கிறவர்கள். எக்லேர்ஸ் வீசுகிற தாத்தாவுக்கு மூத்த அண்ணன் அந்த அர்ச்சுனன். இங்கே ஊர் வேடிக்கை பார்க்க வரவில்லை, கேட்டு வாங்க வந்திருக்கிறது.

வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"சொல்லு தம்பி. இன்னா விசேஷம்? இந்த மாசத்துல நமக்கு ஏது கூத்து?"

அதுதான் விஷயம். கூத்துச் சீசன் பங்குனி, சித்திரையில் சூடு பிடித்து ஆடியோடு ஓயும். மழையும் பனியுமான கார்த்திகை, மார்கழியில் வேஷப் பெட்டி மூடியே கிடக்கும். கலைஞர்கள் நெல் வயலிலும் கட்டட வேலையிலும் கிடைத்ததைச் செய்து கொண்டிருப்பார்கள். பின்லாந்தில் எல்ஃபுக்கு டிசம்பர்தான் சீசன். இங்கே அதே டிசம்பரில் கை காலியாக இருக்கிறது.

"ஐயா, ஒரு வேஷம் இருக்கு. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு உதவியாளர் மாதிரி. குல்லா, கூர் காது."

"தாத்தா இன்னா பண்ணுவாரு?"

"ஒண்ணும் பெரிசா பண்ண மாட்டாரு. உள்ள உட்கார்ந்திருப்பாரு. எல்லாரும் அவரைப் பார்க்க வெளியில காத்துக்கினு நிப்பாங்க."

"இவன்?"

"இவன்தான் வெளியில நின்னு எல்லாரையும் சிரிக்க வைக்கணும். பசங்க பேர் சொல்லிக் கூப்பிடணும், வம்புக்கு இழுக்கணும். தாத்தா வர்றாரு, வர்றாருன்னு ஏத்தி விடணும். அப்புறம் கதவைத் திறந்து உள்ள விடணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு சிரித்தார். நாற்பது வருஷம் ராத்திரியெல்லாம் பாடின தொண்டை, சிரிப்பே சுருதியோடு வருகிறது.

"அட, இது கட்டியக்காரன் தம்பி! இதைச் சொல்றதுக்கா இவ்ளோ சுத்தின? உள்ள திரைக்குப் பின்னாடி ராஜா நிக்கிறாரு. திரைக்கு இந்தாண்ட கட்டியக்காரன். 'யாரய்யா நீ, எந்த தேசம்?'னு இவன் கேக்கணும், அவரு பாட்டுல சொல்லணும். ராஜாவுக்கு கிரீடம் பெரிசு. ஆனா ஜனங்க எழுந்து போகாம விடியற வரைக்கும் உக்காரணும்னா, அது கட்டியக்காரன் கையில தான் இருக்குது. முன்னாடி உக்காந்துக்கினு இருக்கிற நாட்டாமையையே நாலு வார்த்தை கேப்பான். அவருக்குக் கோவம் வராது. ஏன்னா கேக்கறது நான் இல்ல, கட்டியக்காரன்."

நியூ ஃபாரஸ்டில் அடி வாங்கிய பையனைப் பற்றியும் சொன்னேன். ரொம்ப நேரம் 'த்சொ த்சொ' என்றார்.

"அவனுக்கு யாரும் வேலை சொல்லிக் குடுக்கல தம்பி. ராஜா வர லேட்டாவுதுன்னா ஜனங்க கல்லை எடுக்கறதுக்கு முன்னாடியே கட்டியக்காரனுக்குத் தெரிஞ்சுடணும். ராஜா வேஷக்காரரு டீ குடிக்கப் போயிட்டாருன்னு அவனே சொல்லிச் சிரிக்க வெச்சிடணும். உண்மையிலயே டீ குடிக்கத்தான் போயிருப்பாரு."

திண்டிவனத்து நண்பரின் அபார்ட்மெண்டில் டிசம்பர் கடைசியில் ஒரு குடும்ப விழா. வழக்கமாக யாரோ கரடி பொம்மை வேஷத்தில் வந்து, செல்ஃபிக்கு நின்றுவிட்டுப் போவார். அந்தக் கரடிக்கான பட்ஜெட்டை விசாரித்து வைத்திருந்தேன். சங்கத் தலைவரிடம் பேசி இன்னும் கொஞ்சம் சேர்த்து, தொகையைச் சொன்னேன். வாத்தியார் உடனே சரி என்று சொல்லவில்லை. கலைஞன் என்றால் பேரம் தெரியாது என்று நினைக்கிறவர்கள் கூத்து ஜமாவோடு ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும்.

"எத்தினி மணிக்கு?"

"சாயங்காலம் ஆறரை. எட்டு மணிக்கு முடிச்சுடணும், வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க."

"ஒன்றரை மணி நேரமா! எங்களுக்கு வேஷம் கட்டவே அதைவிட ஜாஸ்தி ஆவும். சரி, குல்லா நீங்க தர்றீங்களா, நான் செய்துக்கட்டுமா? காதை நான் அட்டையில வெட்டிக்கிறேன், கடையில விக்கிறது பேசும்போது கழண்டுக்கும். முகமூடி கேக்காத. மூஞ்சி தெரியணும், அரிதாரம் போதும். பசங்க பேரை எல்லாம் முதல் நாளே எழுதி அனுப்பிடு. அப்பனுங்க பேரையும் அனுப்பு, அவங்களைத்தான் நல்லா கேக்க முடியும்."

"அனுப்பிடறேன் ஐயா."

"அப்புறம், ஆர்மோனியக்காரரையும் கூட்டிக்கினு வர்றேன். தாத்தா உள்ளேயிருந்து வர்றப்போ சும்மா வந்தா நல்லாவா இருக்கும்? அவருக்குத் தனியா குடுக்கணும். ரெண்டு பேருக்கும் பஸ் செலவு, ராத்திரி சோறு. கேக்கு மட்டும் குடுத்து அனுப்பிடாத தம்பி."